பத்து எண்ணுவதற்குள் திறக்கும் ஜன்னல்

எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது வாசல் வழியாக. போனது ஜன்னல் வழியாக. அதுவும் நாற்பத்தைந்து வயதில், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியே சித்தாள்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

இரண்டாயிரத்து மூன்றாக இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். மூலக்குளத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். தளம் போட்டு முடித்து, வாசல்களுக்கு நிலை வைத்தாகிவிட்டது, கதவு மாட்டவில்லை. ஜன்னல் வரவேண்டிய இடங்கள் சும்மா சதுரம் சதுரமாகத் திறந்து கிடந்தன. அந்தச் சதுரங்களில் என்ன போடுவது என்பதில்தான் எனக்கும் என் மனைவிக்கும் தினமும் தகராறு.

எனக்குப் பெரிய கண்ணாடி வேண்டும், பக்கவாட்டில் நழுவித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னல். எங்கள் ஆபீஸில் மேலதிகாரி அறைக்கு அப்படித்தான் போட்டிருந்தார்கள். என் மனைவிக்கு ஜன்னல் எப்படி இருந்தாலும் கவலையில்லை, கம்பி தடியாக இருக்க வேண்டும். உழவர்கரையில் வாடகைக்கு இருந்தபோது, மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, யாரோ ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். போனது பெரிதில்லை. ஒரு ரேடியோ, இரண்டு பித்தளைக் குடம், மகளின் கொலுசு. ஆனால் அதோடு அவள் தூக்கமும் போனது. எழுந்து எழுந்து போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். புது வீட்டிலாவது அவள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதுதான் எனக்கும் ஆசை.

"டவுன்ல ஒரு அக்கா கட இருக்கு சார், பாய் வூட்டம்மா" என்றார் மேஸ்திரி. "ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி. ஆனா ஜன்னல் நல்லாருக்கும்."

ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கேட்டேன். வந்ததும் தெரியும் என்று சிரித்தார்.

மொபெட்டில் வந்தார். பின்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். தலையில் முக்காடு, தோளில் பை, பையில் அளவு டேப்பும் ஒரு டீ பிளாஸ்கும். படுக்கையறைக்குள் போய்ச் சுற்றிலும் பார்த்தார். டேப்பை வெளியே எடுக்கவேயில்லை.

"சார், ஒரு பெரிய பலக எடுத்துட்டு வாங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"கதவு மாட்டலியே. பலகய நெலையில நிறுத்தி, நீங்களும் மேஸ்திரியும் அந்தப் பக்கம் புடிச்சிக்குங்க. நான் உள்ள இருக்கேன். கூப்புட்டாலும் எடுக்காதீங்க."

வீட்டுக்காரன் நான். சென்ட்ரிங் பலகையை வாசலில் நிறுத்தி, என் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண்மணியை அடைத்து வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. "அக்கா, கை கடுக்குது" என்று மேஸ்திரி முனகினார். பதில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனதும் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சரி, எறக்கி வைங்க."

திரும்பிப் பார்த்தால் கூடத்தில் நிற்கிறார். ஜன்னல் சதுரத்தில் ஏறி, வெளியே குதித்து, வீட்டைச் சுற்றி வந்திருக்கிறார். கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். "வெளிய நின்னு பாத்தா எல்லா ஜன்னலும் அழகாத்தான் சார் இருக்கும். உள்ள மாட்டிக்கிட்டுப் பாத்தாதான் இந்த ரூமுக்கு எது ஜன்னலுன்னு தெரியும்."

அதற்குப் பிறகுதான் டேப்பை எடுத்தார்.

அளவெடுத்ததும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடல் காற்று மதியத்துக்கு மேல்தான் இறங்கும், அது இந்த வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றார். ஒன்றரை மணிவரை அறை அறையாக முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். முந்தானை நுனியைச் சதுரத்துக்கு நேரே பிடித்து, அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தார்.

என் ஸ்லைடிங் கனவு அன்றைக்கே மண்ணைக் கவ்வியது. "ஸ்லைடிங்கு எப்பவும் பாதிதான் தெறக்கும் சார். ஒரு கண்ணாடி நவுந்து இன்னொன்னு மேல நிக்கும். முழு ஜன்னலுக்கு எடம் விட்டுட்டு பாதிக் காத்து போதும்னா போட்டுக்குங்க." சரி, பழைய பிரெஞ்சுக்காரர் வீடுகளில் இருப்பதுபோல வெளியே திறக்கிற, பட்டை பட்டையாக மரம் அடித்த கதவாவது மேற்குப் பக்கம் போடலாமே என்றேன். என்னைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே அழைத்துப் போய், பக்கத்து வீட்டு மதிலைக் காட்டினார். இரண்டடி இடைவெளி. "தெறந்தா அவங்க செவுத்துல போயி இடிக்கும். அந்த வீடுங்களுக்குத் தெரு அகலம். உங்களுக்கு இந்தச் சந்து." கிழக்கே இரண்டு பக்கமும் முழுதாகத் திறக்கும் கதவு, மேற்கே வெயிலுக்குப் பயந்து சின்னதாக ஒன்று, சமையலறையில் புகை போக மேலே கண்ணாடிப் பட்டைகள். எதையும் நோட்டில் எழுதவில்லை. ஒன்றுகூட மறக்கவுமில்லை.

இவ்வளவு தூரம் எங்களுக்குச் சம்மதம்தான். கம்பி விஷயத்தில் வந்தது வம்பு.

"எவ்ளோ தடியா வேணும்னாலும் போட்டுத் தரேம்மா" என்றார் என் மனைவியிடம். "ஆனா ஆளு படுக்கிற ரூமுல ஒரு ஜன்னலு கிரில்லு தெறக்கணும்."

"தெறக்குற கிரில்லா? திருடனுக்கு நாமளே கதவு வெச்சிக் குடுக்கறதாக்கா?"

"உள்ளேருந்து தெறக்கும். வெளியேருந்து தெறக்காது."

"வேணாங்க்கா. முழுசா அடிச்சிக் குடுத்துடுங்க."

"அப்ப வேற கடையில பாத்துக்கம்மா" என்று எழுந்து, முக்காலியைக் கட்டி, கிளம்பிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் இல்லாத சாமானைக் கேட்டவர்களிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் எல்லோரிடமும் அப்படித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். வைத்திக்குப்பத்தில் படகு வைத்திருந்த ஒருவர், கட்டுமரம் கவிழ்ந்து ஒரு நாள் முழுக்கக் கடலில் மிதந்து கரை சேர்ந்தவர், இவரிடம் போய்த் திறக்கிற கம்பியெல்லாம் தேவையில்லை என்று வாதாடியிருக்கிறார். இவர் அவரை அவர் வீட்டு அறைக்குள் அனுப்பி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாராம். பத்து நிமிஷம் இருங்கண்ணே, போதும் என்று சொல்லிவிட்டு. மூன்றாவது நிமிஷம் கதவை உடைத்துவிடுவதுபோல இடித்திருக்கிறார் மனுஷன். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, "கடலுக்கு செவுரு இல்லியே தாயி" என்றாராம். அடுத்த வாரமே அவர் வீட்டில் திறக்கிற கிரில் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் வேறுவிதமாக நடந்தது. நான்கு நாள் கழித்து என் மனைவியே சொன்னாள். "அந்தக்காகிட்ட ஒண்ணு மாட்டிக் காட்டச் சொல்லுங்க. வெளியேருந்து தெறக்க முடியாதுன்னு எனக்கு நம்பிக்கை வந்தா வெச்சிக்கலாம்."

சொல்லிவிட்டு வர டவுனில் இருந்த கடைக்குப் போனேன். அவர் இல்லை. முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். முந்தானைக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டே பேசினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றதும் பட்டறை ஆளைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னாள். கொஞ்சம் சொகுசுக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைக் கொண்டுவந்து மாட்டினார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிவிட்டு, கிரில்லில் இருக்கும் ஒரு பித்தளை வளையத்தைக் கீழே இழுத்தால் போதும், கம்பிகளில் பாதி ஒரு கதவுபோல வெளியே திறந்துகொள்ளும். வெளியிலிருந்து கை எட்டாதபடி வளையத்தைச் சுற்றி இரும்புத் தகடு. சாவி கிடையாது. சாவி என்றால் தேட வேண்டும் என்றார்.

அதை வெளியிலிருந்து திறக்கத் தெருவே திரண்டது. மேஸ்திரி ஒரு கட்டுக்கம்பியை வளைத்து உள்ளே விட்டுப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் ஒயரில் சுருக்குப் போட்டு நுழைத்தார். எதிர்வீட்டுப் போலீஸ்காரர் தன் அனுபவத்தையெல்லாம் திரட்டி முக்கால் மணி நேரம் போராடினார். என் மனைவி தோள்வரை கையை விட்டு இரண்டு வளையலை உடைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. அக்கா முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் என் மனைவி வாய்விட்டுச் சிரித்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன்.

எனக்குத்தான் ஒரு குறை. அந்த வளையம். சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலம் இருந்தது. "மாட்டுக் கொட்டாயில இருக்கிற மாதிரி இருக்குங்க. சின்னதா, பாக்க அழகா ஒரு கொக்கி போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"சின்னதெல்லாம் எங்க கடையில பாஸாவாது சார்."

"யாரு பாஸ் பண்றது?"

"இருக்காங்க" என்றார். "அழகு வேணும்னா அதுல பூ சுத்தி வைங்க."

குடி வந்தோம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கொசுவலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டே படுக்கையறைக்குள் போனார். "கதவ வெளிய தாப்பா போடுங்க" என்றார். போட்டேன். இந்தமுறை அவர் ஜன்னல் வழியாக வரவில்லை. கதவைத் தட்டினார். திறந்தேன். முகம் வெளிறியிருந்தது.

வளையத்தில் ஒரு பூட்டுத் தொங்கியது. என் மனைவி மாட்டியிருக்கிறாள். எனக்கே தெரியாது.

"சாவி எங்கம்மா?"

"இருக்குதுக்கா, தோ எடுத்தாறேன்."

அவள் நகர்ந்ததும் இவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று, உரக்க. பீரோவில் பார்த்தாள், இல்லை. சாமி மாடத்தில் பார்த்தாள். அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினாள். "எண்ணாதீங்கக்கா, பயமா இருக்குது" என்றாள். அவர் நிறுத்தவில்லை. நான் குறுக்கே பேசப் போனேன். கையை உயர்த்தி என்னைத் தடுத்துவிட்டு மேலே எண்ணினார். கடைசியில் காலண்டருக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து நீட்டும்போது என் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"நூத்தி எழுவது" என்றார். பூட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

போகும் முன் ஒரு காரியம் செய்தார். ஐந்து வயது மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, ஜன்னல் வெளையாட்டு வெளையாடலாமா?" என்றார். கட்டில்மேல் ஏறி, வளையத்தை இழுத்து, கிரில்லைத் தள்ளி, வெளியே இறங்க வேண்டும். இவர் பத்து எண்ணுவார். அதற்குள் இறங்கிவிட்டால் ஜெயிப்பு. இருபது தடவையாவது விளையாடியிருப்பார்கள். அதன் பிறகு ஒரு வருஷம் என் மகள் வாசல் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள். பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தால், பையை வெளியே எறிந்துவிட்டு ஜன்னல் வழியாக இறங்கிப் போவாள். "நல்ல பழக்கம் சொல்லிக் குடுத்தாங்க உங்கக்கா" என்று என் மனைவி என்னைத் திட்டுவாள். எப்போதும் என் அக்காவாகிவிடுவார், வம்பு வரும்போது.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை மதியம். நான் ஆபீஸில் இருந்தேன். என் மனைவியும் மகளும் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பிரிஜ்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசர் தீப்பிடித்து, பக்கத்தில் இருந்த சோபாவுக்குத் தாவியிருக்கிறது. புகை கதவிடுக்கில் நுழைந்து இருமல் வந்த பிறகுதான் என் மனைவி விழித்தாள். விழித்ததும் நேரே கதவுக்குத்தான் ஓடியிருக்கிறாள். தாழ்ப்பாளைத் தொட்டதும் கை சுட்டது. மேல் பலகை வெடிக்கிற சத்தம். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம். கதவைப் பார்த்தபடி நின்றுவிட்டேன் என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, இந்தப் பக்கம்!" என்று கட்டில்மேலிருந்து மகள் கத்தியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் கிரில் திறந்து கிடக்கிறது.

நான் வந்தபோது அக்கம்பக்கத்தார் தண்ணீரும் மணலும் கொட்டி அணைத்திருந்தார்கள். கூடம் முழுக்கக் கரி. படுக்கையறைக் கதவில் பாதி இல்லை. இவர்கள் இரண்டு பேரும் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் அவர்கள் காலடியில் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி சொன்ன முதல் பேச்சு, "அந்தக்காகிட்ட போய் சொல்லிட்டு வாங்க" என்பதுதான்.

மறுநாள் காலை போனேன். அவர் உள்ளே பட்டறையில் இருக்கிறார் என்று முன்னால் உட்கார்ந்திருந்த அதே பெண் சொல்லி, எழுந்து என்னை அழைத்துப் போனாள். சுவரில் ஒரு கம்பி நிறையப் பூட்டுகள் கோத்துத் தொங்கின. எங்கள் வீட்டுப் பூட்டும் அதில் இருந்தது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

நடந்ததைச் சொன்னேன்.

"பாப்பா எத்தன எண்றதுக்குள்ள தெறந்தா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. யார் எண்ணினார்கள்? அவர் பட்டென்று எழுந்து வெல்டிங் நடக்கும் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அது அப்புடித்தான் சார். தப்பா நெனைக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். "எங்க லாத்தா." அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நான் தங்கச்சி. எனக்குக் கல்யாணமாயி தனி வீடு போனப்ப, லாத்தாதான் சீரா ஜன்னலு செஞ்சிக் குடுத்தா. இருக்கறதுலயே தடிக் கம்பி, அவளே பாத்துப் பாத்து எடுத்தது. யாராலயும் அசைக்க முடியாதுடின்னு சொல்லிக் குடுத்தா. யாராலயும் அசைக்க முடியலதான்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"ஸ்டவ் வெடிச்சிடுச்சி சார். சமையக்கட்டத் தாண்டித்தான் வாசலு. நான் ரூமுல, ஜன்னலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். லாத்தா வெளிய நிக்கிறா. கடப்பாரை எடுக்க ஓடியிருக்காங்க, பத்து எண்றதுக்குள்ள வந்துடுவாங்கடின்னு சொல்லி எண்ண ஆரம்பிச்சா. பத்து ஆச்சி. நிறுத்துனா நான் பயந்துடுவேன்னு எண்ணிக்கிட்டே இருந்தா. கம்பி சூடேற சூடேற நானும் வுடல, அவளும் நிறுத்தல. நானூத்திச் சொச்சத்துலதான் சார் கம்பி வந்துச்சி."

முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தன. ஒன்றுகூடப் பிரியவில்லை.

"இப்ப எந்த கிரில்லு இங்கேருந்து போனாலும் நான்தான் மொதல்ல தெறக்கணும். என் கையால தெறக்க முடியாதத லாத்தா விக்க மாட்டா."

மாட்டுக் கொட்டகை வளையம் என்று நான் சொன்னது அந்தக் கைக்காகச் செய்ததை. ஒரு மனுஷி தான் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு தப்பான ஜன்னலுக்காக ஊரில் உள்ள அறைகளிலெல்லாம் தன்னை அடைத்துக்கொண்டு பார்க்கிறார். அதை யாரிடமும் சொல்லவுமில்லை. அன்று நான் அடைந்த பிரமிப்பு இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் குறையவில்லை.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். சுவரோரம் புதிதாக முடித்த கிரில் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தினார்கள். வேறு யாரோ வீட்டுக்குப் போகிறது. "பாத்துட்டுப் போங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தங்கையைப் பார்த்துத் தலையசைத்தார்.

தங்கை கிரில்லுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஒண்ணு" என்றார் அக்கா.

மணிக்கட்டை வளையத்துக்குள் விட்டு, தங்கை கீழே இழுத்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. கிரில் திறந்துகொண்டது.

அக்கா எண்ணுவதை நிறுத்தினார்.